பனந்தோப்பு கேட்டும் ஒன்பதாவது கையெழுத்தும்

குற்றப்பத்திரிகையோடு இணைத்திருந்த மனுவில் பதினேழு கையெழுத்து. ஒன்பதாவது கையெழுத்து வேணியின் அம்மாவுடையது.

விழுப்புரம் ஜங்ஷனில், என்ஜின் ஓட்டுகிறவர்கள் டியூட்டிக்கு வந்து பதிவு செய்யும் அறையில் நின்றுகொண்டு வேணி அதைப் பார்த்தாள். பெயரைப் படிப்பதற்கு முன்னாலேயே எழுதிய கையைக் கண்டுகொண்டாள். அறிவொளி வகுப்பில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பழகிய கை அது. எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். கடைசி 'ம்' மேல் வைக்கிற புள்ளி மிளகு அளவு இருக்கும். ஜெயம், கணவர் பெயர் பெரியசாமி, பிரம்மதேசம். சந்தேகமே இல்லை.

மனு சுருக்கமானது. கார்த்திகை மாதம் ஒரு காலையில், திண்டிவனத்துக்கு வடக்கே பனந்தோப்பு ரயில்வே கேட்டின் மேல் ஒரு சரக்கு ரயிலை முக்கால் மணி நேரம் காரணமே இல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். பெட்டியில் பாதிகூடச் சரக்கு இல்லை. ஓட்டுகிற அம்மா தூங்கியிருக்க வேண்டும். நடவடிக்கை எடுக்கவும்.

நடவடிக்கை எடுத்துவிட்டார்கள். சிவப்பு சிக்னலுக்கு அறுநூறு மீட்டர் முன்பாகவே வண்டியை நிறுத்தி கேட்டை அடைத்தது குற்றம். பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். அதுவரை வேணி என்ஜின் ஏறக்கூடாது, அறையில் உட்கார்ந்து காகிதம் அடுக்க வேண்டும்.

காகிதம் அடுக்குவது அவளுக்குப் பெரிதில்லை. அவள் மாறுதல் உத்தரவின் அடியில் ஒரு வரி இருந்தது. வந்த இரண்டு வருடத்துக்குள் தண்டனை எதுவும் பெற்றால் பழைய டிவிஷனுக்கே திரும்ப வேண்டும். கண்டனம் என்று ஒரு வரி எழுதினால் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு வருடம் முடிய இன்னும் நான்கு மாதம் இருந்தது. பழைய டிவிஷன் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இங்கே அப்பா பெரியசாமிக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அவரைத் தூக்கி உட்கார வைக்க அம்மாவை விட்டால் இவள்தான். ஒரே பிள்ளை.

அந்த அம்மாதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

வேணிக்கு முப்பத்தைந்து வயது. பிரம்மதேசம் காலனியில் பிறந்தவள். சொந்த நிலம் என்று ஒரு கையகலம் அந்தக் குடும்பத்துக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஜெயம் களை எடுப்பாள், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குவாள். பெரியசாமி எதற்குக் கூப்பிட்டாலும் போவார். மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப்பாதை போட்டபோது, மின்கம்பி தாங்குகிற கம்பங்களுக்குக் குழி தோண்டக் கூப்பிட்டார்கள். திண்டிவனத்துக்கு வடக்கேயிருந்து விழுப்புரம்வரை போகிற பாதையில் அவர் தோண்டிய குழிகளில் நிற்கிற கம்பங்கள் இன்றும் நூற்றுக்கு மேல் தேறும். நிரந்தரம் ஆக்குவோம் என்று மேஸ்திரி சொன்னார். கம்பம்தான் நிரந்தரம் ஆனது.

மின்சார என்ஜின் இந்த ஊருக்குப் புதிதில்லை. அறுபதுகளிலேயே, மீட்டர் கேஜ் காலத்தில், விழுப்புரம் வரைக்கும் கம்பி இழுத்து ஓட்டினார்கள். அது சின்ன என்ஜின். கனமான என்ஜின் எது என்று வேணி தெரிந்துகொண்டது வேறு இடத்தில். பாலிடெக்னிக் முடித்து, ரயில்வே பரீட்சை எழுதி, இருபத்து நான்கு வயதில் உதவி லோகோ பைலட்டாக அவளைப் போட்டது வால்டேர் பக்கம், மலைக்கு மேலிருந்து கடற்கரைக்கு இரும்புத்தாது இறக்குகிற பாதையில். ஜப்பானுக்குத் தாது அனுப்ப என்று அறுபதுகளில் மலையைக் குடைந்து போட்ட பாதை. முதலில் டீசல் என்ஜின் இழுத்தது. எண்பதுகளில் கம்பி வந்தது. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆறு ஆறு என்ஜினாக வரவழைத்து, எது இந்த மலைக்குத் தாங்கும் என்று ஓட்டிப் பார்த்தார்கள். வேணி போனபோது அவை ஷெட்டின் ஓரத்தில் துருப்பிடித்து நின்றன. வேலை செய்தது நம் ஊரிலேயே செய்த 'வேக் ஐந்து'. மூன்றைச் சேர்த்துக் கட்டினால்தான் தாது வண்டி அசையும். முப்பத்திரண்டு படி வைத்து, ஒவ்வொரு படியாகக் கரண்டை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். பிறகு 'வேக் ஒன்பது' வந்தது. ஆறாயிரம் குதிரைச் சக்தி. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கரண்டைக் கம்பிக்கே திருப்பித் தருகிற என்ஜின். இப்போது பன்னிரண்டாயிரம் குதிரைச் சக்தியில் இரட்டை என்ஜினும் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு குதிரை கூடியது. உள்ளே நிற்கிற மனிதருக்குக் கழிவறை வேண்டும் என்பது மட்டும் செய்தவர்கள் நினைவுக்கு வரவில்லை. புதிதில் சிலவற்றில் வைத்திருக்கிறார்கள். வேணிக்குக் கிடைத்த என்ஜின்களில் இல்லை. காலையில் அரை டம்ளர் காபி, அதற்குப் பிறகு ஒன்பது மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க அவள் கற்றுக்கொண்டாள். அது எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தராத பாடம்.

அங்கே இரண்டாவது வருடம் ஒரு நாள், அவள் உதவியாக இருந்த வண்டி செத்த கம்பியின் கீழ் நின்றுவிட்டது.

செத்த கம்பி என்றால் வேறொன்றுமில்லை, ரயில்வே பாஷையில் நியூட்ரல். ரயில் பாதைக்கு மேலே ஓடுகிற கம்பிக்கு ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்து கரண்டு வரும். இரண்டு கரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அதனால் நடுவில் கொஞ்ச தூரம் கரண்டே இல்லாத கம்பி. என்ஜின் அங்கே வரும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே உருண்டு தாண்டி, அந்தப் பக்கம் போய்த் திரும்பப் போட வேண்டும். வேகம் இருந்தால் கண் சிமிட்டுகிற நேரம். வேகம் இல்லாமல் ஏற்றத்தில் ஐயாயிரம் டன்னோடு அங்கே நின்றுவிட்டால், ஆறாயிரம் குதிரையும் செத்த குதிரை. வேறு என்ஜின் வந்து தள்ளும்வரை பாதையே அடைப்பு. அன்றைக்கு நான்கு மணி நேரம். குகை வாயில். ஓட்டியவருக்கு மூன்று வருடம் பதவி உயர்வு போனது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வேணி, செத்த கம்பிக்குப் பக்கத்தில் இனி ஒருநாளும் வண்டியை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்தாள்.

அதுதான் தாது வண்டிக்காரர்கள் எல்லோருடைய பழக்கமும். முன்னால் சிவப்பு, அதைத் தாண்டியதும் செத்த கம்பி என்றால், சிக்னல்வரை போய் மூக்கை ஒட்டி நிற்க மாட்டார்கள். தூரத்திலேயே நின்று, ஓடி வரத் தூரம் வைத்துக்கொள்வார்கள்.

இனி அந்தக் கார்த்திகைக் காலை.

சேலம் பக்கத்து உருக்காலைக்குப் போகிற தாது. ஐம்பத்தெட்டு பெட்டி. முன்னால் ஒற்றை வேக் ஒன்பது. வேணி ஓட்ட, உதவிக்குத் தாண்டவராயன். ஷெட்டில் பிட்டராக இருந்து மேலே வந்தவர், நாற்பத்தெட்டு வயது, விக்கிரவாண்டிக்காரர். தன்னைவிடச் சின்னவள் ஓட்டுகிறாள் என்ற வருத்தம் அவருக்கு முதல் நாள் மட்டும் இருந்தது. வேலங்காடு ஸ்டேஷனைத் தாண்டியபோது தூறல் தொடங்கியது.

"மஞ்சள்!" என்று தாண்டவராயன் கை நீட்டிச் சத்தமாகச் சொன்னார். சிக்னலை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது ரயிலில் விதி.

"மஞ்சள்!" என்றாள் வேணி. "அடுத்தது செவப்புதான். அண்ணே, அந்தாண்ட நியூட்ரல் எம்மாந் தூரம்?"

"செவப்புலேர்ந்து முந்நூறு மீட்டர் இருக்கும். மேடு வேற. ஏன் தங்கச்சி, இங்கியே பிரேக்கு போடற?"

"தண்டவாளம் நனைஞ்சிக்கினு கெடக்குது. முந்நூறு மீட்டர்ல இது பத்து கிலோமீட்டர் ஸ்பீடுகூட ஏறாது. கம்பிக்கடியில போய் ஒக்காந்துக்கும்."

"பின்னாடி கேட்டு இருக்குதும்மா."

"தெரியும்ணே. கேட்டு அடைச்சா பத்து வண்டி நிக்கும். மெயின் லைன் அடைச்சா மெட்ராஸ் வரைக்கும் நிக்கும். நீங்க கன்ட்ரோலுக்குச் சொல்லுங்க."

தாண்டவராயன் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் யாரோ ஒருவர், "சரி சரி, ரெண்டு நிமிஷத்துல எடுத்துடுவோம்" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை. இவர்களும் எழுதினீர்களா என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடம் நாற்பத்தைந்து நிமிடம் ஆனது. பச்சை விழுந்ததும் வேணி தொள்ளாயிரம் மீட்டர் ஓடி, இருபது கிலோமீட்டர் வேகத்தில் செத்த கம்பியைத் தாண்டினாள். தாண்டவராயன் பெருமூச்சு விட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று இருவரும் நினைத்தார்கள்.

கேட்டில் முடியவில்லை. அங்கே ஒரு ஷேர் ஆட்டோவில் ஜெயத்தோடு சேர்த்து ஒன்பது பெண்கள். களை எடுக்க எட்டு மணிக்குக் கரையில் நிற்க வேண்டியவர்கள். ஒன்பதுக்குப் போனபோது நிலத்துக்காரர் வேறு ஆளை இறக்கிவிட்டிருந்தார். ஒன்பது பேரும் திரும்பி நடந்தார்கள். திரும்பும்போது கேட்டருகே செல்போன் கடை சுகுமார், வார்டு கவுன்சிலர் ஆகப்போகிறவர், கையில் காகிதத்தோடு நின்றார். ஜெயம் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள்.

குற்றப்பத்திரிகை கைக்கு வந்த அன்று மாலை வேணி பிரம்மதேசத்துக்குப் போனபோது, ஜெயம் பெரியசாமிக்குக் கேப்பைக்கூழ் ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ம்மா. பனந்தோப்பு கேட்டுல கையெழுத்து போட்டியா?"

"போட்டன். ஒனக்கு யாரு சொன்னாங்க?"

"ஆபீஸ்ல சொன்னாங்க."

"அட, அதுக்குள்ள போய்ச் சேந்துடுச்சா! சுகுமாரு கெட்டிக்காரந்தான்." ஜெயத்துக்குச் சந்தோஷமாகவே இருந்தது. மகள் எந்தப் பாதையில் எந்த வண்டி ஓட்டுகிறாள் என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. "நல்லா கேக்கட்டும் அவள. பாதி வண்டி காலி. ரொப்பாத வண்டிய இஸ்துக்கினு போறதுக்கு இன்னா நோவு? நடு கேட்டுல போட்டுட்டு குறட்டை வுட்டுக்கினு இருந்திருக்கா. எங்க ஒம்போது பேரு பொழப்பும் போச்சு. எவளோ ஒரு எடுபட்டவ…"

"அந்த எடுபட்டவ நாந்தாம்மா."

கரண்டி பாதியில் நின்றது. பெரியசாமியின் வாயோரத்தில் கூழ் வழிந்தது. அவருக்குப் பேச்சு குழறும், சிரிப்பு குழறாது. தோள் குலுங்கச் சிரித்தார்.

"நீ சிரிக்காத" என்று ஜெயம் அவர் வாயைத் துடைத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "தூங்கினியாடி?"

"தூங்குவனாம்மா?"

"பின்ன ஏன் காலி வண்டிய நிறுத்தின?"

"காலி இல்லம்மா. அது இரும்புக்கல்லு. அரைப்பெட்டி போட்டாவே சக்கரம் தாங்கற கனம் வந்துடும். அதுக்கு மேல ஒரு கூடை போட்டாலும் பெட்டி ஒடைஞ்சிடும். பஞ்சு ரொப்பற மாதிரி ரொப்ப முடியாது."

ஜெயம் யோசித்தாள். தலையில் சுமந்து பிழைத்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. "சாணி எருவும் கருங்கல்லும் ஒரே கூடையா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

வேணி செத்த கம்பியைப் பற்றிச் சொன்னாள். அங்கே பெரியசாமி இடது கையை ஆட்டினார். அவருக்கு அந்த இடம் தெரியும். "ரெட்டக் கம்பம்… எட்டடிக் குழி… பாறை" என்று தடுமாறிச் சொன்னார். மற்றக் கம்பத்துக்கு ஒரு நாள் என்றால் அதற்கு நாலு நாள் தோண்டினார்களாம். அந்த மேட்டில் ஏன் வைக்கிறீர்கள் என்று மேஸ்திரியையே கேட்டாராம். படத்தில் அங்கேதான் போட்டிருக்கிறது, நீ தோண்டு என்றாராம் மேஸ்திரி.

மறுநாள் லோகோ இன்ஸ்பெக்டர் விருத்தாசலம் வேணியைக் கூப்பிட்டார். விசாரணை அவர் கையில். கெட்ட மனிதர் இல்லை. இருபது வருடம் எக்ஸ்பிரஸ் ஓட்டியவர். அதுதான் சிக்கல். எக்ஸ்பிரஸ் வண்டி தாது வண்டியில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. நின்ற இடத்திலிருந்து அது எழும்புகிற வேகமே வேறு.

"என்னம்மா, சிக்னல் அடியில நின்னிருந்தா கேட்டு கிளியரா இருந்திருக்கும். அதானே ரூலு?"

"நின்னிருந்தா நியூட்ரல்ல மாட்டியிருக்கும் சார்."

"ஆறாயிரம் ஹார்ஸ் பவர்மா அது. மாட்டாது." மனுவைப் புரட்டினார். விரல் ஒன்பதாவது கையெழுத்தில் நின்றது. குரலைத் தாழ்த்தினார். "இது உங்க அம்மாவாமே? ஒண்ணு செய். அவங்கள விட்டு, விஷயம் தெரியாம போட்டுட்டேன், மனுவ வாபஸ் வாங்கறேன்னு எழுதி வாங்கியா. கூட இருக்கற பொம்பளைங்களும் எழுதுவாங்க. மனு விழுந்துடும். கேஸும் இளைச்சிடும். நீயும் இங்கியே இருந்துக்கலாம்."

வேணி அந்த மாலையே கேட்டாள். கேட்கும்போது ஜெயத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்" என்றாள் ஜெயம்.

"ம்மா, என்னை வால்டேருக்கே அனுப்பிடுவாங்க. அப்பாவ யாரு தூக்கறது?"

"அனுப்பக்கூடாது. ஆனா நான் பொய் எழுத மாட்டேன். கேட்டு மூடிக் கெடந்தது நெசம். எனக்கு வேலை போனது நெசம். அஸ்வினி மூணு மாசக் கொழந்தைய வுட்டுட்டு வந்தவ, பால் கட்டிக்கினு வெறுங்கையா திரும்பினாளே, அது நெசம். நீ தூங்கினன்னு எழுதினது மட்டும் பொய். அத்த வேணா அடிச்சுட்டு வரேன்."

"அப்ப எனக்கு இன்னா வழி?"

"நீ ஒங்க ஆபீசரைக் கேளு. கேட்டும் மூடாம, உன் வண்டியும் மாட்டாம இருக்க வழி இருக்குதா இல்லியா?"

இருந்தது. ரயிலோட்டிகள் பல வருடமாகச் சொல்லிவந்த வழிதான். முன்னால் பாதை முழுக்கத் திறந்திருந்தால் ஒழிய, தாது வண்டியை வேலங்காடு ஸ்டேஷனிலிருந்தே விடாதே. அங்கே பக்கப்பாதை இருக்கிறது, கேட் இல்லை, செத்த கம்பி இல்லை. ஒரு வரி உத்தரவு போதும். போடத்தான் ஆள் இல்லை.

வேணி அன்று சாப்பிடாமல் படுத்தாள். கோபம் அம்மா மேலா, தன் மேலா என்று தெரியவில்லை. அந்த ஒன்பது பேர் திரும்பி நடந்ததை அவள் ஒருமுறைகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்து வண்டி நிக்கும் என்றுதானே சொன்னாள். வண்டிகளைத்தான் எண்ணினாள்.

விளக்கத்தில் அவள் மனுவை மறுக்கவில்லை. கேட் அடைந்தது உண்மை, மக்களுக்கு நஷ்டம் உண்மை என்று எழுதினாள். சிக்னலும் செத்த கம்பியும் இருக்கிற இடம் தாது வண்டிக்கு ஆகாது என்று எழுதினாள். கடைசியில்: அதே என்ஜின், அதே பாரம், அதே சிக்னல். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கட்டும்.

விருத்தாசலம் மானஸ்தர். வந்தார்.

மார்கழி மாதம், காலை பத்து மணி. வெயில் காய்ந்து தண்டவாளம் உலர்ந்திருந்தது. வேணிக்கு அதுவே பாதகம். வேலங்காடு தாண்டியதும் விருத்தாசலம், "நீ தள்ளி நில்லும்மா. நீ வேணும்னே மெதுவா எடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது. நானே ஓட்டறேன்" என்றார். கட்டுப்பாட்டு அறையில் சொல்லிச் சிக்னலைச் சிவப்பில் பிடிக்க வைத்தார். சிக்னலின் அடியில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிறுத்தினார். பின்னால் பனந்தோப்பு கேட் திறந்துதான் இருந்தது. "பாத்தியா?" என்றார்.

பச்சை விழுந்தது.

"பச்சை!" என்றார் தாண்டவராயன், கோவிலில் சொல்வதுபோல.

விருத்தாசலம் கைப்பிடியைத் தள்ளினார். என்ஜின் உறுமியது. ஐம்பத்தெட்டு பெட்டியின் இணைப்புகளும் ஒவ்வொன்றாக இழுபடுகிற சத்தம் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஊர்ந்தது. வேகம் இரண்டு. நான்கு. கைப்பிடியை முழுக்கத் தள்ளினார். ஆறு. எக்ஸ்பிரஸ் என்றால் இந்நேரம் முப்பதைத் தொட்டிருக்கும். அவர் வேகமானியை விரலால் தட்டினார். ஒன்பது.

வேணி பின்னால் நின்றாள். மாட்டினால் அவள் சொன்னது நிரூபணம். தாண்டினால் அவள் கதை முடிந்தது. மாட்ட வேண்டும் என்றுதான் காலையில் கிளம்பும்போது நினைத்திருந்தாள்.

பதினொன்று. செத்த கம்பிக்கு முன்னறிவிப்புப் பலகை வந்தது. விருத்தாசலத்தின் கை எக்ஸ்பிரஸ் பழக்கத்தில் மெயின் சுவிட்சுக்குப் போனது.

"இப்ப வாணாம் சார்!" வேணி கத்திவிட்டாள். "கடைசிப் போர்டு வரைக்கும் புடிங்க! மணல் போடுங்க!"

கை நின்றது. சக்கரம் வழுக்காமல் பிடிக்க, அடியில் மணல் இறங்கியது. பன்னிரண்டு. பதிமூன்று. கடைசிப் பலகை.

"இப்ப!"

சுவிட்ச் இறங்கியது. உறுமல் அறுந்தது. மின்விசிறிகள் ஓய்ந்தன. அத்தனை பெரிய என்ஜினில் சக்கரச் சத்தம் மட்டும் மிஞ்சியது, மாட்டு வண்டிபோல. மேட்டில் ஐயாயிரத்து முந்நூறு டன் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. பதினொன்று. ஒன்பது. பெரியசாமி தோண்டிய இரட்டைக் கம்பம் ஜன்னலில் மெல்ல, மிக மெல்ல நகர்ந்தது. ஏழு.

"ஏறு… ஏறிடும்மா…" என்று விருத்தாசலம் என்ஜினைக் கெஞ்சினார். வழுக்கைத் தலையில் வியர்வை.

ஐந்து. வேணியின் கால் அவளை அறியாமல் தரையை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது. மாட்ட வேண்டும் என்று நினைத்தவள் இப்போது அப்படி நினைக்கவில்லை. பதினோரு வருடம் தாது இழுத்தவளால் அப்படி நினைக்க முடியவில்லை.

நான்கு.

சுவிட்ச் போடுகிற பலகை. விருத்தாசலம் போட்டார். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு மின்விசிறி சீறியது, உறுமல் திரும்பி வந்தது. வண்டி ஏறியது.

திண்டிவனம் தாண்டி, மயிலத்துக்குப் பக்கத்தில்தான் விருத்தாசலம் கைக்குட்டையை எடுத்தார்.

"நீ கத்தலன்னா நின்னிருக்கும்."

"ஆமா சார்."

"உன் கேஸுக்கு நின்னிருந்தாதானேம்மா நல்லது?"

வேணி அடுத்த சிக்னலைத் தேடினாள். தாண்டவராயன் சொன்னார்: "தாது வண்டிக்காரங்களுக்கு அந்த புத்தி இல்லீங்க சார். பேஜாரு புடிச்சவங்க."

"அன்னைக்கு மழை வேற" என்றார் விருத்தாசலம், தனக்கே சொல்வதுபோல.

அறிக்கையில் அவர் நடந்ததை நடந்தபடி எழுதினார். தான் சுவிட்சை முன்னாலேயே இறக்கப் போனதையும் எழுதினார். அப்படி எழுதுகிற ஆபீசர்கள் அதிகம் இல்லை, அதனால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. அதே வாரம் ஜெயம் சுகுமாரைப் பிடித்து இரண்டாவது மனு எழுத வைத்தாள். "தூங்கினாங்கன்னு நீயா எழுதினல்ல, இப்ப அடிச்சு எழுது. கவுன்சிலர் ஆவணும்னா நெசத்த எழுதிப் பழகு." அவர் முனகிக்கொண்டே எழுதினார்: ஓட்டுநர் தூங்கவில்லை. வண்டி காலி இல்லை. கேட் மூடினது மூடினதுதான். வண்டியை வேலங்காட்டிலேயே நிறுத்தினால் எங்களுக்கும் பிழைப்பு போகாது, அவர்களுக்கும் ஆபத்தில்லை. அதே பதினேழு பேரும் போட்டார்கள்.

தை மாதம் உத்தரவு வந்தது. கட்டுப்பாட்டு அறையோடு பேசியதை எழுத்தில் வாங்காததற்காக வேணிக்குக் கண்டனம். பதிவேட்டில் ஒரு வரி. பழைய டிவிஷனுக்கு அனுப்புகிற அளவுக்கு அது பெரிய தண்டனை இல்லை. அவள் விழுப்புரத்திலேயே இருக்கலாம். அதே தாளில், இனி தாது வண்டிகளைத் திண்டிவனம்வரை பாதை திறந்த பிறகே வேலங்காட்டிலிருந்து விட வேண்டும் என்று அந்த ஒரு வரியும் இருந்தது.

மறுநாள் தாது வண்டி ஓட்டிவிட்டு வேணி வீட்டுக்கு வந்து சொன்னாள். பெரியசாமி இடது கையால் அவள் தலையைத் தொட்டார். ஜெயம் அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள்.

"இனிமே வேலங்காட்டுல நிப்பியா?"

"நிப்பேன். இன்னிக்கு ஒரு மணி நேரம் நின்னேன்."

"நல்லதாப் போச்சு. எறங்கி ஒரு டீயாச்சும் குடிக்கலாம்."

"டீயா! வண்டி நீட்டுக்கு, இஞ்சின் போய் முள்ளுக்காட்டுல நிக்குதும்மா. பிளாட்பாரமே அரை கிலோமீட்டருக்கு அந்தாண்ட. இஞ்சின வுட்டுட்டு எறங்கக் கூடாது. ஒண்ணுக்குப் போறதுக்குக்கூட வழி இல்ல. இன்னிக்கு உசிரு போய் வந்துச்சு."

ஜெயம் திரும்பினாள். வரப்பில் நாலு பக்கமும் பார்த்து, ஒருத்தி மறைக்க ஒருத்தி உட்கார்ந்து, ஐம்பது வருடம் ஓட்டியவள்.

"அம்மாம் பெரிய இஞ்சின்ல அதுக்கு ஒரு எடம் வெக்கலியா?"

"இல்ல."

"வெச்சவன் எல்லாம் ஆம்பளையா?"

"இருக்கும்."

ஜெயம் கையைப் புடவையில் துடைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மகள் முன்னால் போட்டாள்.

"எழுதுடி. மொத கையெழுத்து என்னுது."